சும்மா இலை

ஜூன் 3, செவ்வாய்

இது போன வருடத்து டைரி. உரக்கடைக்காரர் மார்ச் மாதத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார், விற்காத மூட்டையைத் தள்ளிவிடும் அதே அன்போடு. கிழமைகள் எல்லாம் தப்பு. அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன். ஆய்வகத்தில் தடிமனாக ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் அது நிலையத்தின் சொத்து. அதில் நடந்திருக்க வேண்டியதை எழுத வேண்டும். நடந்ததை எழுத ஓர் இடம் வேண்டாமா?

இன்று எங்கள் திட்டத்துக்கு அனுமதி வந்தது. தலைப்பு மட்டும் நாலு வரி. சுருக்கம் இதுதான்: வெற்றிலைக் கொடிக்கால்களில் கருகல் நோய் பரவுகிறது. இலையில் முதலில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு புள்ளி, பிறகு கறுப்பு, பிறகு கொடியே காலி. பாக்டீரியாவின் வேலை. வேறு பயிராக இருந்தால் கண்டதை அடித்துவிட்டுப் பத்து நாள் காத்திருக்கச் சொல்லலாம். வெற்றிலையைக் காலையில் கிள்ளி மாலையில் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் காட்டுச் செடிகளில் ஏதாவது இயற்கை மருந்து இருக்கிறதா என்று தேடப்போகிறோம். தேடப்போவது நிலையத் தலைவர் டாக்டர் சிற்றரசு. அரைப்பது, வடிகட்டுவது, அளப்பது, தட்டு கழுவுவது எல்லாம் நான்.

நான் வசந்தாமணி. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆய்வக உதவியாளர். இந்த ஊரில் காவிரிப் பாலத்தைக்கூட இதைவிடச் சீக்கிரம் கட்டி முடித்தார்கள். என் ஒப்பந்தம் செப்டம்பர் 30 வரை. அதற்கு மேல் டாக்டரின் பேனா பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

கொல்லிமலையிலிருந்து அறப்பளி வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த களைப்பு முகத்தில் துளியும் இல்லை. எனக்கு அந்தப் பேருந்தைப் பார்த்தாலே குமட்டும். காட்டில் கடுக்காய், தேன் எடுக்க வனச்சரக அலுவலகம் கொடுத்த அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறார். செடி தெரிந்தவர் என்று டாக்டருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு கட்டு கொண்டுவந்தார். எல்லாம் ஒரே மாதிரி அகலமான பச்சை இலையில் சுற்றி நாரால் கட்டியவை. டாக்டர் மேல்நாட்டு விருந்தாளியைப் போல அவரை உட்காரவைத்து, எப்படிப் பறித்தீர்கள் என்று கேட்டார்.

"செடிக்கு நூலு கட்டி, மஞ்சத் தடவி, உன்ன எடுக்கறேன் கோவிச்சுக்காதேன்னு மன்னிப்புக் கேட்டுட்டுத்தானுங்க பறிக்கிறது. இரும்பு படக்கூடாது. நகத்தாலயே கிள்ளிருவேன்."

டாக்டர் உருகிப்போனார். "கேட்டீங்களா வசந்தாமணி! எழுதுங்க, எழுதுங்க" என்றார். எழுதினேன். பிறகு அறப்பளியை மறுபடி மன்னிப்புக் கேட்கச் சொல்லி, தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடி முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார். பாவம், குரோட்டன்ஸ் எதற்கும் கோபித்துக்கொள்கிற ரகம் இல்லை.

படிவம் நிரப்பினேன். பதினெட்டுக் கட்டம். 'சிப்பம் செய்த பொருள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"கட்டியிருக்கற இலை என்ன இலைங்க அண்ணா?"

"அது சும்மா இலைங்கம்மா."

"பேரு?"

"சும்மா தானுங்க. கட்டுறதுக்கு. ரெண்டு இலையக் கசக்கி உள்ளாற பரப்பிட்டு, மேல ரெண்டு சுத்திருவோம். அதுல கட்டுனா அழுகாதுங்க, நாத்தம் வராது."

மலைக்காரர்களுக்கு எதைக் கேட்டாலும் ஒரு கதை. கட்டத்தில் 'சும்மா' என்று எழுதினேன்.

போகும்போது எனக்கென்று தனியாக ஒரு கட்டு கொடுத்தார். "எங்க காட்டுல வெளஞ்ச கீரைங்கம்மா. கடைஞ்சு சாப்பிடுங்க" என்றார். இந்தப் பக்கம் காடு என்றால் சொந்தப் புஞ்சை. டாக்டர் திருச்சிக்காரர், அவருக்கு அது தெரியாது. அதையும் மேசையில் மற்றக் கட்டுகளோடு வைத்தேன். கட்டுகளில் நான் எண் எழுதி ஒட்டிய சிட்டைகள் சிலது உதிர்ந்து கிடந்தன.

ஜூன் 11, புதன்

ராத்திரி கீரை கடைந்தேன். சகிக்க முடியாத கசப்பு. என் வீட்டுக்காரர் சத்தம் போடாமல் சாப்பிட்டார், பிறகு சத்தம் போட்டுக்கொண்டே ஆறு தடவை கொல்லைப்பக்கம் போனார். மலைக்கீரை நமக்கு ஒத்துக்கொள்ளாது போல.

ஜூன் 13, வெள்ளி

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. மாதிரியைப் பயன்படுத்துமுன் ஓடும் நீரில் மூன்று முறை கழுவ வேண்டும் என்பது விதி. ஓடும் நீர் ஓடிப்போய்விட்டது. துப்புரவு செய்யும் மாராயி அக்கா ரோட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தார். அது டாக்டரின் காபிக்கே சரியாக இருந்தது.

எட்டாம் எண் கட்டின் சிட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. சிட்டையில்லாமல் மீதியிருந்த கட்டில் புதிதாக எட்டு என்று எழுதி ஒட்டிவிட்டேன். பன்னிரண்டையும் அரைத்தேன். பதிவேட்டில் 'மூன்று முறை கழுவப்பட்டது' என்று எழுதினேன். பதிவேடு பல விஷயங்களைச் சொல்லும்.

ஜூன் 17, செவ்வாய்

நம்ப முடியவில்லை. கருகல் கிருமியைத் தட்டில் பரப்பி, நடுவில் சாறு தோய்த்த காகித வில்லையை வைப்போம். சாறு வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அதை நாங்கள் ஜோன் என்போம். ஒன்பது வருடத்தில் நான் பார்த்த ஜோன்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இன்று பன்னிரண்டு தட்டிலும் ஜோன். பதினாலு மில்லிமீட்டர், பதினைந்து மில்லி, பதிமூன்று. எட்டாம் எண்தான் எல்லாவற்றுக்கும் மேல், பதினாறரை.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்கினால் வினாத்தாள் வெளியானது என்று அர்த்தம். நான் அதைச் சொன்னேன்.

"வனத்தோட மகிமைம்மா அது" என்றார் டாக்டர்.

ஜூன் 18, புதன்

எட்டாம் எண்ணுக்கு டாக்டர் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்: 'வனவைரம்'. படிவத்தில் அது 'காய்ச்சல் தழை' என்று இருக்கிறது. மலையில் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்களாம். பயங்கரக் கசப்பாம்.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 4, வெள்ளி

செய்தித்தாளில் வந்துவிட்டோம். டாக்டர் வனவைரத் தட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். நான் இடதுபுறத்தில் முழங்கையாக வந்திருக்கிறேன். மேலிடத்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு ஆகஸ்ட் 20 அன்று வருகிறது. அவர்களுக்கு எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்ட வேண்டும்.

மாராயி அக்காவின் தம்பிக்கு அரை ஏக்கர் கொடிக்கால். அந்த வெற்றிலையைத்தான் அக்கா சாயங்காலம் பேருந்து நிலையத்தில் கூடையில் வைத்து விற்கிறார். "பேப்பர்ல போட்டிருக்குதாமே அம்மிணி, மருந்து எப்ப வரும்? தம்பி கொடியில பாதி கருகிப்போச்சு" என்று கேட்டார். சீக்கிரம் அக்கா என்றேன். முழங்கைக்கு அதற்கு மேல் அதிகாரம் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

குழு வருவதால் இனி எல்லாம் விஞ்ஞான முறைப்படி. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஐந்நூறு வந்திறங்கியது. கூடவே டாக்டர் கைப்பட எழுதிய விதிமுறை: நூல் கூடாது, மஞ்சள் கூடாது, இலை தழையில் கட்டுதல் கூடாது. போன மாதம் படம் எடுத்ததெல்லாம் இந்த மாதம் அநாகரிகம்.

அறப்பளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல போட்டா வேர்த்துப் போயிருமேங்கம்மா."

"விதிமுறைங்க அண்ணா."

"மன்னிப்பு மட்டும் கேட்டுக்கலாங்களா?"

விதிமுறையைப் படித்துப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

கவர்களில் செடிகள் வந்தன. அவர் சொன்னது போலவே வேர்த்து, பாதி குழைந்து. அதே பன்னிரண்டு வகை. மோட்டாரும் பழுது பார்த்தாகிவிட்டது. மூன்று முறை கழுவினேன்.

எட்டாம் எண் செடியைக் கவரிலிருந்து எடுத்துப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இலை ஓரம் பல் பல்லாக இருந்தது. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். இந்தக் கசப்பை எங்கே பார்த்திருக்கிறேன் என்பதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது. பக்கத்தின் அடியில் உரக்கடைக்காரர் அச்சடித்திருக்கிறார்: 'இன்று உங்கள் மண்ணைப் பரிசோதித்தீர்களா?'

ஜூலை 25, வெள்ளி

ஜோன் இல்லை. ஒரு தட்டில்கூட இல்லை. வனவைரத்தைச் சுற்றிக் கிருமி செழிப்பாகக் குடித்தனம் நடத்துகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டாம் முறை. பூஜ்யம். டாக்டர் தட்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சூரியனுக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்றாம் முறையும் அதேதான். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு ஜூன் மாதப் படிவங்களை எல்லாம் படித்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் சந்தோஷம்.

"மஞ்சள்! நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. அந்தாளு செடியில மஞ்சத் தடவியிருக்கான். மஞ்சள் கிருமிநாசினி. அதான் ஜோன். இப்ப மஞ்சள் இல்ல, ஜோனும் இல்ல. நம்ம மேல தப்பே இல்லம்மா."

"அவரு சொல்லிட்டுத்தானே சார் தடவினாரு. நீங்க படம்கூட எடுத்தீங்க."

"படத்தை அழிச்சாச்சு" என்றார்.

கழுவிய மாதிரியில் மஞ்சள் எப்படி ஒட்டியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்வியை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதே நாள், பிறகு

'சேகரிப்பாளர் அறிவுறுத்தலை மீறி மாதிரிகளில் வெளிப்பொருள் கலந்து நிலையத்தை ஏமாற்றியுள்ளார். ஆய்வகத்தில் மாதிரிகள் முறைப்படி மூன்று முறை கழுவப்பட்டன.' கீழே டாக்டர், அதற்குக் கீழே நான். ஒரு நகல் குழுவுக்கு. ஒரு நகல் வனச்சரக அலுவலகத்துக்கு. அது எதற்கு சார் என்று கேட்டேன். "புரொசீஜர்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் புதுப்பிப்புத் தாள் அவர் மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்தது. பார்க்கும்படியாகத்தான் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அறப்பளி வந்திருக்கிறார். காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கு வெளியே நின்றார், பிறகு காவலாளியிடம் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வசந்தாம்மாவுக்கு என்று சொன்னாராம். கீரை. அதே இலையில் கட்டியது.

வீட்டுக்கு எடுத்துப் போகக் கை வரவில்லை. எறியவும் வரவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுதந்திர தினம், சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல விடுமுறை. அறையைத் திறக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆறு நாள் புழுக்கத்தில் ஒரு கட்டுக் கீரை என்ன ஆகியிருக்கும்? ஆனால் நாற்றம் இல்லை. கட்டைப் பிரித்தேன். கீரை வாடியிருந்தது, அவ்வளவுதான். கொழகொழப்பு இல்லை, கறுப்பு இல்லை. ஜூலையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு நாளில் குழைந்த செடிகள் ஞாபகம் வந்தன.

மாராயி அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த இலையக் குப்பையில போட்றாதீங்க அம்மிணி, எனக்குக் குடுங்க. நீங்க ஜூன் மாசம் எறிஞ்சதெல்லாம் நாந்தானே எடுத்துட்டுப் போனேன். வெத்தலைக் கூடையில அடியில பரப்பிருவேன். மத்தவிய வெத்தலை மூணாம் நாளு அழுகுது. என்னுது பத்து நாளு கிண்ணுன்னு நிக்குது. போன மாசத்துலருந்து இலையே வரலை, யாவாரம் படுத்துக்கிச்சு."

கையிலிருந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன். எம்.எஸ்சி. படித்தவள், ஒன்பது வருட அனுபவம். மருந்தை எறிந்துவிட்டுப் பொட்டலத்தில் இருந்ததை ஆராய்ச்சி செய்திருக்கிறேன்.

முதலில் மஞ்சளைச் சோதிக்க வைத்தேன். பத்து நாளைக்கு முன்னால் மஞ்சளைக் குற்றவாளி என்று எழுதி இரண்டு அலுவலகத்துக்கு அனுப்பினோம். அதை ஒரு தட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்துத் தட்டில் அந்த இலைச் சாறு. இன்னொரு தட்டில் கடையில் வாங்கிய சிறுகீரையை அந்த இலையில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்து, கழுவாமல் அரைத்த சாறு. கழுவாமல். ஜூனில் செய்தது போலவே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு நாள்தான் ஆகிறது, ஆனாலும் தெரிகிறது. மஞ்சள்: வில்லையின் ஓரத்தில் ஒரு கோடு, அளக்கக்கூட ஆகாது. கழுவாத சிறுகீரை: பதினைந்து மில்லி. இலை: இருபத்திரண்டு. ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். மோட்டார் புகைந்தது, கழுவாதது, வனவைரம் என்பது அறப்பளி வீட்டுப் புஞ்சையில் விளைந்த கீரை என்பது, நிஜமான எட்டாம் எண்ணை நாங்கள் பருப்பு போட்டுக் கடைந்து சாப்பிட்டது வரைக்கும். வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் அந்த மனிதர் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன்.

டாக்டர் இலைத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கெட்டவர் இல்லை, விஞ்ஞானிதான். கண் பளபளத்தது.

"அற்புதம்மா. ஆனா இப்ப வேண்டாம். நாளைக்கு இதைச் சொன்னா ரெண்டு மாசமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. மஞ்சள் கதை அப்படியே இருக்கட்டும். செப்டம்பர்ல நான் மலைக்கு ஒரு சர்வே போறேன், அங்க இந்த இலையைக் கண்டுபிடிக்கிறேன். பேப்பர்ல உங்க பேரும் இருக்கும்."

"அறப்பளி பேரு?"

"அந்தாளுக்குப் பேப்பர் எதுக்கும்மா?"

பேப்பர்வெயிட்டை எடுத்து, என் புதுப்பிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, மறுபடி அதே பேப்பர்வெயிட்டை வைத்தார். இருபதாம் தேதிக்குப் பிறகு அனுப்புவாராம்.

ஆகஸ்ட் 20, புதன்

குழு வந்தது. மஞ்சள் கதையை டாக்டர் நன்றாகச் சொன்னார். நான் திரையில் படத்தை மாற்றி மாற்றிக் காட்டினேன். 'கழுவினீர்களா' என்று ஒருவர் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வடை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுபது வளைவு. இருபத்தாறாவதில் ஒரு தடவை, ஐம்பத்தொன்றில் ஒரு தடவை வாந்தி. எனக்குத் தேவைதான்.

அறப்பளி வீட்டில் இருந்தார். இந்த நேரத்தில் காட்டில் இருக்க வேண்டியவர். வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அறப்பளிதான் எழுந்து பாய் போட்டார்.

"சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்கம்மா. விசாரணை முடியற வரைக்கும் காட்டுக்குள்ளாற காலு வெக்கப்படாதாம். நான் ஏமாத்திட்டேன்னு எழுதி வந்திருக்குதாம். கடுதாசியைப் பாரஸ்ட் கார்டு படிச்சுக் காட்டினாரு. ரெண்டு கையெழுத்து இருந்துச்சு. ஒண்ணு உங்க பேரு மாதிரி இருந்துச்சுன்னாரு. நான் இருக்காதுன்னு சொல்லிட்டேன்."

"என்னுதுதாங்க அண்ணா."

அவர் அவரைக்காயைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கீரைக் கதையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காய்ச்சத் தழையவா கடைஞ்சீங்க? ஊட்டுக்காரரு பொழச்சாரே!" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியும் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இலையைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். புஞ்சை வேலியோரம் இடுப்பளவுக்கு நெருக்கமாக நின்றது. அதற்குக் காட்டுக்குள் போகவே வேண்டாமாம், வேலிக்கே அதுதானாம்.

"மொத நாளே சொல்லியிருந்தா இத்தனை வம்பு இல்லையேங்க அண்ணா. நான் கேட்டேனே."

"பேரைக் கேட்டீங்க. அதுக்குப் பேரு இல்ல. என்னத்துக்காவும்னு நானே சொன்னேனுங்களே."

பையிலிருந்து டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 10. என் கையெழுத்து. 'அதுல கட்டுனா அழுகாதுங்க, நாத்தம் வராது.' அதற்கு அடியில் மலைக்காரர்களைப் பற்றி நான் எழுதியிருந்த வரியும் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

பத்து இலை கிள்ளப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மஞ்சள் உருண்டை கொண்டுவந்து தண்ணீரில் குழைத்து ஒரு தண்டில் தடவினார், நூல் கட்டினார், வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகுதான் கிள்ளினார்.

"சும்மா இலைக்குமா இதெல்லாம்?"

"கட்டுறதுக்குப் பறிக்கறப்ப இல்லீங்க. இப்ப மருந்துக்கில்ல பறிக்கறோம்."

அங்கேதான் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று எழுபது வளைவும் யோசித்து வந்தது ஒன்றும் நினைவில் இல்லை. "என்னை மன்னிச்சிருங்க அண்ணா" என்று மட்டும் வந்தது.

அவர் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கோபமாகவெல்லாம் இல்லை, எனக்கு ஒரு முறையைச் சொல்லித் தருகிற குரலில்தான் சொன்னார்.

"பறிக்கறதுக்கு முன்னாடி கேக்கறதுதானுங்கம்மா மன்னிப்பு. பறிச்சுட்டுக் கேட்டா செடி என்ன பண்ணும், சொல்லுங்க?"

இறங்கும்போது வாந்தி வரவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடிதம் எழுதினேன். அலுவலகத் தமிழில் எழுத ஆரம்பித்தால் 'கழுவப்பட்டது', 'கலக்கப்பட்டது' என்று யாருமே செய்யாத மாதிரி வந்துவிடுகிறது. கிழித்துப் போட்டுவிட்டு இப்படி எழுதினேன்: நான் கழுவவில்லை. கழுவியதாக நான் எழுதினேன். எட்டாம் எண் கீரை. அதைத் தெரிந்துகொண்டே நான் சொல்லவில்லை. அறப்பளி எதையும் மறைக்கவில்லை, அவர் சொன்னதை நான் கேட்டும் கேட்காமல் இருந்தேன். கருகல் கிருமியை நிறுத்துவது அவர் கட்டிக் கொண்டுவந்த இலை. அதைச் சொன்னது அவர், ஜூன் 10 அன்று.

குழுவுக்கு ஒன்று, வனச்சரக அலுவலகத்துக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. ஜூன் 10 பக்கத்தை நகலெடுத்துச் சேர்த்தேன், என் வரியை மறைக்காமல். தபால் நிலையத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். மனம் மாறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் பதிவுத் தபாலில் எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டாக்டர் கத்தவில்லை. புதுப்பிப்புத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்த இலைல பூ இருந்துச்சா?" என்று கேட்டார். பூ இருந்தால்தான் செடியின் ஜாதி தெரியும். நான் சொன்னேனே, விஞ்ஞானிதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

குழுவிலிருந்து கடிதம். டாக்டரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், என்னிடமும். இலையைப் புதிதாக, முறையாகச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் தட்டில், பிறகு மாராயி அக்காவின் தம்பி கொடிக்காலில் நாலு வரிசையில். படிவத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்தில் 'சும்மா இலை' என்று தட்டச்சு செய்து வந்திருக்கிறது. 'தகவல் தந்தவர்' கட்டத்தில் அறப்பளி பெயர். எழுத்துப்பிழையோடுதான், ஆனால் இருக்கிறது.

சீட்டு இன்னும் அவர் கைக்கு வரவில்லை. பறிப்பதற்கு ஒரு கடிதம் போதும், திருப்பிக் கொடுக்க நாலு மேசை தாண்ட வேண்டுமாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சீட்டு வந்துவிட்டது என்று பக்கத்துக் கடை போனிலிருந்து சொன்னார். தேன் பருவம் பாதி போய்விட்டது. அதையும் அவர்தான் சொன்னார், குற்றமாக இல்லை, கேட்டதற்குப் பதிலாக.

தட்டுச் சோதனை முடிந்து, மாராயி அக்காவின் தம்பி கொடிக்காலில் சாறு தெளித்து ஐந்து நாள் ஆகிறது. தெளித்த நாலு வரிசையில் புதுப் புள்ளி குறைவு. குறைவு என்றுதான் எழுத வேண்டும். மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரியாது. பதிவேட்டில் அப்படியே எழுதினேன். ஒன்பது வருடத்தில் 'தெரியாது' என்று நான் அதில் எழுதியது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசி நாள். பிரிவு உபசாரம் எதுவும் இல்லை, தற்காலிகமானவர்களுக்குக் கிடையாது. மாராயி அக்கா வெற்றிலை ஒரு கவுளி கொடுத்தார், அடியில் அந்த இலை பரப்பி. மேசைச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் இரண்டு தடவை படித்தேன்.

கேட்டில் காவலாளி ஒரு கட்டை நீட்டினார். மலைப் பேருந்தில் காலையில் வந்ததாம். உள்ளே கீரை. மேலே பென்சிலில் எழுதிய ஒரு சிட்டை, நூலால் இறுக்கிக் கட்டி, உதிராதபடி: 'கீரை. இது கீரைதான்.'

ராத்திரிக்குக் கடையப்போகிறேன். என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று சந்தேகமாகப் பார்க்கிறார். மூன்று முறை கழுவினேன். உண்மையாகவே மூன்று முறை.